பழைய கார் சக்கரங்களுக்கு மறுபடி பெயின்ட்: அடிப்பதற்கு முன் எழும் கேள்விகள்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 ஆகிய மூன்று வண்டிகளின் இரும்புச் சக்கரங்களைத்தான் நான் அதிகம் உரித்திருக்கிறேன். முறையே 15, 14, 12 அங்குலம். பெயின்ட் அடிக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. அதற்கு முந்தைய அழுக்கு வேலையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். வெளி வளையத்தை ரிம் என்றும், போல்ட் துளைகள் உள்ள நடுப்பகுதியைத் தட்டு என்றும் குறிப்பிடுகிறேன்.

கழுவிவிட்டு மேலேயே ஒரு கோட் வெள்ளி நிறம் அடித்தால் ஆகாதா?

ஆகும். ஒரு மழைக்காலம் வரை நன்றாகவே இருக்கும். வண்டியை விற்கப்போகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், பழைய வண்டி வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். துருவின் மேல் அடித்த பெயின்ட் துருவைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இரும்பை அல்ல. துரு உதிரும்போது பெயின்டும் கூடவே உதிரும்.

எந்தச் சக்கரம் இந்த உழைப்புக்குத் தகுதியானது? எதை எடைக்குப் போட வேண்டும்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலோர் பெயின்டெல்லாம் உரித்து முடித்த பிறகுதான் கேட்கிறார்கள்.

இரும்புச் சக்கரம் இரண்டு பாகங்களால் ஆனது. நீளமான பட்டையை வளைத்து, முனைகளைப் பற்றவைத்து, உருட்டி எடுத்தது ரிம். அழுத்தி வடித்தது தட்டு. இரண்டையும் வெல்டிங்கால் சேர்த்திருப்பார்கள், மிகப் பழையவற்றில் ரிவெட்டால். எனவே விரிசல் விழக்கூடிய இடங்கள் மூன்று: போல்ட் துளைகளைச் சுற்றி, காற்றோட்டத் துளைகளின் ஓரங்களில், தட்டும் ரிம்மும் சேரும் இணைப்பில். ஒரு கல்யாணத்துக்கே ஆட்களை ஏற்றிச்சென்ற அம்பாசிடர்கள் இவை. விரிசல் இருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

வயர் பிரஷ்ஷால் இந்த மூன்று இடங்களையும் மட்டும் தேய்த்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முடி ஒட்டியிருப்பது போன்ற ஒரு கோடு தெரிந்து, அதன் ஓரத்தில் துருக்கறை கசிந்திருந்தால் அது விரிசலாகத்தான் இருக்கும். சந்தேகம் தீர்க்க, வெல்டிங் சாமான் கடைகளில் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் கொண்ட ஸ்பிரே டப்பாக்கள் கிடைக்கும். சுத்தம் செய்த இடத்தில் சாயத்தை அடித்து, சில நிமிடம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளையை அடித்தால் விரிசல் இருக்கும் இடம் சிவப்புக் கோடாக மேலே வரும்.

விரிசல் விழுந்த சக்கரத்துக்கு வெல்டிங் வைக்கலாமா என்று உடனே கேட்பீர்கள். வைக்காதீர்கள். நான்கு பேர் உயிர் அதன் மேல் ஓடுகிறது. தட்டின் வெப்பம் பட்ட பகுதி, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது போல்ட் துளைகள். நட் தளர்ந்தபடியே ஓடிய வண்டிகளில் வட்டத் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். நட் உட்காரும் கூம்பு வடிவக் குழி தேய்ந்து பளபளவென்று விரிந்திருக்கும். அதுவும் எடைக்குத்தான்.

பிறகு ஆட்டம். வண்டியை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் நிறுத்தி, டயர் இல்லாத சக்கரத்தை மாட்டிச் சுற்றுங்கள். பக்கத்தில் அசையாத ஒரு கம்பியை ரிம்மின் ஓரத்துக்கு அருகே நிறுத்தி இடைவெளியைக் கவனியுங்கள். லேத் பட்டறையில் டயல் கேஜ் இருந்தால் இன்னும் துல்லியம். பக்கவாட்டிலோ உயரத்திலோ 1 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் யோசிக்க வேண்டும். ரிம்மின் வெளி உதடு மட்டும் சிறிது மடங்கியிருந்தால் குளிர்நிலையிலேயே அழுத்தி நிமிர்த்தலாம், லாரி சக்கரம் சரிபார்க்கும் பட்டறைகளில் அதற்கு அனுபவசாலிகள் உண்டு. தட்டு வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

டயரைக் கழற்றாமல், நாளிதழை ஒட்டி மறைத்துவிட்டு வேலை செய்யலாமா?

கூடாது. மோசமான துரு டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில்தான் இருக்கிறது. பஞ்சர் கடையில் கழற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். வீட்டில் நீங்களே செய்வதானால், வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைத் திருகி எடுத்துக் காற்று முழுவதும் போனபின் லெவரை நுழைக்க வேண்டும். பாலன்சிங் எடைகளையும் பிடுங்கிவிடுங்கள். பழையவை ஈயம், எனவே கையைக் கழுவாமல் டீ குடிக்க உட்காராதீர்கள். ஒட்டும் எடைகளின் பசையைத் தின்னர் நனைத்த துணியால் எடுக்கலாம்.

டயர் கையில் இருக்கும்போதே அதன் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பல அலங்கார வண்டிகளில் சக்கரம் புதுப்பெயின்டில் மின்னும், டயருக்கோ பள்ளிக்கூடம் போகும் வயது ஆகியிருக்கும்.

முதலில் கழுவுவதா, உரிப்பதா?

கழுவுவது. இதில் வாதத்துக்கே இடமில்லை. கிரீஸ் இருக்கும்போது உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தாலோ காற்றழுத்தத்தில் மணல் அடித்தாலோ அந்தக் கிரீஸ் இரும்பின் மேடுபள்ளங்களுக்குள் அழுத்தித் தேய்க்கப்படும். பிறகு எதைக் கொண்டு எடுப்பது?

மண்ணெண்ணெயோ டீசலோ கொண்டு கெட்டியான கிரீஸைக் கரைத்து எடுங்கள். அத்தோடு நிறுத்தாதீர்கள், ஏனென்றால் அவையே ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்தபின் கிரீஸ் நீக்கும் திரவத்தாலோ நல்ல தின்னராலோ ஒரு துணியால் துடைத்து, அது காயும் முன்பே இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் அழுக்கு இடம் மாறும், போகாது.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: தண்ணீரை ஊற்றுங்கள். ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு ஓடினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. வாட்டர் சர்வீஸ் கடைகளில் டயருக்குப் பூசும் பளபளப்புத் திரவம் பெரும்பாலும் சிலிக்கோன் கலந்தது. அது ரிம்மிலும் தெறித்திருக்கும். அதை எடுக்காவிட்டால் புதுப்பெயின்டில் அம்மைத் தழும்பு போல வட்ட வட்டக் குழிகள் விழும்.

ஓர் எச்சரிக்கை. சக்கரத்தின் உள்பக்கம் படிந்திருக்கும் கருப்புத் தூசி பிரேக் ஷூவிலிருந்து உதிர்ந்தது. பழைய வண்டிகளின் பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. காற்றுக்குழாயை வைத்து ஊதாதீர்கள். நனைத்தே துடையுங்கள், அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். பழைய பெயின்டிலும் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்வது நல்லது. உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும், முகமூடி வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது.

பழைய பெயின்டை எடுக்க எது நல்லது?

ஒரு சக்கரத்தில் ஐந்தாறு அடுக்குகள் இருப்பது சாதாரணம். தொழிற்சாலை அடித்தது, முதல் சொந்தக்காரர் அடித்தது, எஃப்.சி. காட்டப் போகும்போது அவசரத்தில் தூரிகையால் பூசியது என்று அந்த வண்டியின் ஜாதகமே தெரியும்.

பெயின்ட் ரிமூவர் என்ற களிம்பைத் தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, நிழலில் அரை மணி நேரம் விட்டால் பெயின்ட் சுருங்கி எழும்பும். வெயிலில் வைத்தால் களிம்பு வேலை செய்யும் முன்பே காய்ந்துபோகும். இவற்றில் பல மெத்திலீன் குளோரைடு உள்ளவை. மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே சாய்த்துவிடும். மொட்டை மாடியோ திறந்த முற்றமோதான் இதற்கு இடம்.

இரும்புக்கு மட்டும் காஸ்டிக் சோடாத் தொட்டி மலிவான வழி. பழைய அடுக்குகள் கூழாகிவிடும். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், ஒருபோதும் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. சட்டென்று கொதித்து முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் முழங்கை வரை ரப்பர் உறையும் இல்லாமல் பக்கத்திலேயே போகாதீர்கள்.

கிரைண்டரில் வயர் கப் மாட்டித் தேய்ப்பது விரைவானது. ஆனால் கம்பித் துணுக்குகள் ஊசியாகப் பறக்கும், முன்பு சொன்ன ஈயத் தூசியும் கிளம்பும். பலர் அவசரத்தில் ஃபிளாப் டிஸ்க்கை மாட்டிவிடுகிறார்கள். அது பெயின்டோடு சக்கரத்தையும் சேர்த்துத் தின்னும். கூர்மையான கீறல்கள் விழும், அவற்றை மறைக்கப் பிறகு இரண்டு நாள் பட்டி பார்க்க வேண்டியிருக்கும்.

துருவை எடுக்க ஆசிட் போடலாமா? யாரோ எலுமிச்சை உப்பு என்றார்கள், யாரோ பேட்டரி சார்ஜர் என்றார்கள்.

என் முதல் பத்மினி சக்கரங்களை ஒரு பட்டறையில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டியில் முக்கி எடுத்துத் தந்தார்கள். ஒரு மணி நேரத்தில் சாம்பல் நிறத்தில் மணமகன் போல வந்து நின்றன. கழுவி, பிரைமர் போட்டு, பெயின்டும் அடித்தேன். அடுத்த கார்த்திகை மழை முடிவதற்குள், தட்டும் ரிம்மும் சேரும் இணைப்பிலிருந்து பழுப்பு நிறக் கண்ணீர் வழியத் தொடங்கியது. நான்கு சக்கரங்களிலும் ஒரே இடத்தில்.

காரணம் எளிது. அந்த இணைப்பு ஒரு மெல்லிய பிளவு. தொட்டியில் போட்டதும் ஆசிட்டை நூல்திரி போல உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே போனது வெளியே வருவதில்லை. குளோரைடு உப்பாக அங்கேயே தங்கி, பெயின்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு இரும்பை அரிக்கிறது. எனவே ஆசிட் தொட்டி, குறிப்பாக ஹைட்ரோகுளோரிக், இரண்டு பாகங்களைச் சேர்த்துச் செய்த எந்தப் பொருளுக்கும் வேண்டாம் என்பது என் முடிவு.

அப்படியானால் எது? எனக்குப் பிடித்தது பேட்டரி சார்ஜர் வழிதான். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர். 10 லிட்டருக்கு 100 கிராம் சலவை சோடா போதும். பழைய வகை 12 வோல்ட் சார்ஜரின் மைனஸ் முனையைச் சக்கரத்தில் மாட்டுங்கள், பிளஸ் முனையை வேண்டாத இரும்புத் தகட்டில். மாற்றி மாட்டினால் சக்கரம் கரையும், தகடு பிழைக்கும். ஓர் இரவு ஓடினால் துரு கருப்பாக மாறி, துணியால் துடைத்தாலே வந்துவிடும். நல்ல இரும்பு ஒரு துளியும் குறையாது. தகட்டுக்கு எதிரே இருக்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் சக்கரத்தை இடையிடையே திருப்பி வைக்க வேண்டும்.

இரண்டு விதிகளை மட்டும் மீறாதீர்கள். தகடாக எவர்சில்வரைப் பயன்படுத்தாதீர்கள், அதிலுள்ள குரோமியம் நஞ்சாகித் தண்ணீரில் கலக்கும். சமையலறைப் பழைய தட்டு என்று ஆசைப்பட வேண்டாம். இரண்டாவது, மைனஸ் பக்கத்தில் எழும்பும் குமிழிகள் ஹைட்ரஜன். திறந்த இடத்தில் வையுங்கள், சார்ஜரை அணைத்தபின்பே வயரைத் தொடுங்கள்.

எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் ஆசிட் சாதுவானது. 5 சதவீதக் கரைசலில் ஒரு நாள் ஊறினால் லேசான துரு போய்விடும். பாட்டி பித்தளை அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்த்ததும் இதே வேலைதான், புளியில் இருப்பது டார்டாரிக் ஆசிட். என்றாலும் இணைப்புப் பிளவுப் பிரச்சினை இதற்கும் உண்டு. ஊறவைத்தால், பிறகு சலவை சோடாத் தண்ணீரில் முக்கி, நிறைய நல்ல தண்ணீரில் அலசி, சூடேற்றி உலர்த்த வேண்டும்.

துரு நீக்கி என்று பாட்டிலில் விற்கும் பாஸ்பாரிக் ஆசிட் திரவங்கள், துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகின்றன. குழிகளுக்குள் எட்டாத துருவுக்கு இவை உதவும். பூசியபின் மிச்சத்தைக் கழுவாமல் அப்படியே எபாக்சி பிரைமர் (இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் அடிப்பூச்சு) அடிப்பது பரவலான தவறு. ஆசிட் மிச்சத்தின் மேல் எபாக்சி சரியாகப் பிடிக்காது.

மணல் அடித்துத் தரும் இடத்தில் கொடுத்துவிட்டால் ஒரே நாளில் முடியுமே?

முடியும். கிரீஸை எடுத்துவிட்டுக் கொடுத்தால் இரும்புச் சக்கரத்துக்கு அதைவிடச் சிறந்த தயாரிப்பு இல்லை. இரும்பின் மேல் பிரைமருக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும்.

எதை அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆற்றுமணலோ கடல்மணலோ என்றால் திரும்பி வந்துவிடுங்கள். உடையும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தருகிறது. அதை அடிக்கும் தொழிலாளிக்குப் பெரும்பாலும் முகத்தில் ஒரு துண்டு மட்டுமே இருக்கும். கார்னெட் என்ற தாதுமணல் அல்லது தாமிர உலைக்கசடு பயன்படுத்தும் இடங்கள் உண்டு. தென் தமிழகக் கடற்கரையின் செம்மணலில் இருப்பதும் இதே கார்னெட்தான். 2013இல் அங்கே தனியார் தாது மணல் எடுப்பதை அரசு தடைசெய்த செய்தி பலருக்கு நினைவிருக்கும்.

தட்டின் மெல்லிய ஓரங்களில் ஒரே இடத்தில் நிறுத்தி அடிக்க வேண்டாம் என்றும், நட் உட்காரும் குழிகளை மூடிவிட்டு அடிக்கும்படியும் சொல்லிக் கொடுங்கள். அந்தக் குழிகள் சொரசொரப்பாகிவிட்டால் நட்டை முடுக்கும்போது கையில் உணரும் இறுக்கம் பொய்யாகிவிடும்.

என் சக்கரம் அலாய். இதெல்லாம் பொருந்துமா?

காந்தம் ஒட்டாவிட்டால் அலாய், அதாவது பெரும்பாலும் அலுமினியக் கலவை. மேலே சொன்னவற்றில் பாதி உங்களுக்கு விஷம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜனை எழுப்பும், சார்ஜர் வழியும் வேண்டாம். அலுமினியத்துக்கும் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும் ரிமூவரை மட்டும் பயன்படுத்துங்கள்.

கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது போல நூல்நூலாக ஓடும் அரிப்பு அலாயின் தனி வியாதி. கல் பட்ட ஒரு சிறு காயத்தில் தொடங்கி, உள்ளே உள்ளே போகும். வெள்ளை தெரியும் இடத்தைத் தாண்டி, பளபளப்பான உலோகம் வரும் வரை உரிக்க வேண்டும். இரும்புக்குப் பயன்படுத்திய வயர் பிரஷ்ஷையோ, இரும்புக் குருணையையோ இதில் காட்டாதீர்கள். இரும்புத் துகள் அலுமினியத்தில் புதைந்துகொண்டால் ஈரம் பட்டதும் அங்கேயே அரிப்பு தொடங்கும். மணலுக்குப் பதில் பொடிக் கண்ணாடி மணிகள், குறைந்த அழுத்தம், அவ்வளவுதான். சாலையோரக் கல்லில் உரசிய காயத்தை 180 எண் உப்புத்தாளில் தொடங்கி 320, 400 என்று தேய்த்து மழுங்கச் செய்யலாம். விரிசலும் வளைவும் இருந்தால் இரும்புக்குச் சொன்னதே. தீயில் காட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், வார்ப்புக்குக் கொடுத்த வெப்பப் பதம் கெட்டு வலு போய்விடும்.

பந்தய வண்டியின் மெக்னீசியச் சக்கரம் என்றால் வீட்டில் தேய்க்கவே வேண்டாம். அதன் தூசி தீப்பற்றும்.

குழி விழுந்த இடங்களில் பட்டி போடலாமா?

கண்ணுக்குத் தெரியும் முகப்பில் மட்டும், மெல்லியதாக. டயர் உட்காரும் விளிம்பிலும் நட் குழியிலும் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் அச்சு முகத்தில்) படியும் பகுதியிலும் பட்டிக்கு வேலையே இல்லை. வெறும் இரும்பின் மேல் பட்டி, அதன் மேல் பிரைமர் என்பது நம் ஊர் வழக்கம். நான் மாற்றிச் செய்கிறேன்: முதலில் எபாக்சி பிரைமர், அதை லேசாகச் சொரசொரப்பாக்கி அதன் மேல் பட்டி. பட்டி தண்ணீரை உறிஞ்சும் பொருள். அது இரும்பை நேரடியாகத் தொடாமல் இருப்பதே நல்லது. அதே காரணத்தால் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் முகமூடியோடு உலர்வாகவே தேய்க்கிறேன்.

எங்கெல்லாம் பெயின்ட் படக்கூடாது?

சக்கரம் ஹப்பில் படியும் வட்டம், நட் உட்காரும் கூம்புக் குழிகள். இந்த இரண்டு இடத்தையும் மூடாமல் அடிப்பவர்கள்தான் அதிகம். விளைவு பெயின்டில் தெரியாது, வண்டி ஓடும்போதுதான் தெரியும். தடிமனான பெயின்ட் அடுக்கு நட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவில் மெத்தை போல இருக்கும். முடுக்கும்போது இறுக்கமாகவே தோன்றும். ஓட ஓடச் சூட்டிலும் அழுத்தத்திலும் அந்த மெத்தை நசுங்கி, நட் தளரும். முன்பு சொன்ன முட்டை வடிவத் துளைகள் இப்படியும் உருவாகின்றன.

அப்படியென்றால் அந்த இடம் துருப்பிடிக்காதா? பிடிக்கும். எனவே அங்கே மட்டும் ஒரே ஒரு மெல்லிய பிரைமர் படலம் வைத்துக்கொள்கிறேன். பழைய நட்டுகளை எண்ணெய் போகத் துடைத்து, குழிகளில் லேசாகப் பொருத்தி மூடிவிட்டால் அழகான முகமூடி தயார். ஹப் வட்டத்துக்கு டேப் ஒட்டி ஓரத்தைப் பிளேடால் வெட்டினால் போதும். சக்கரத்தில் இவ்வளவு கவனம் எடுத்துவிட்டு, வண்டியில் இருக்கும் ஹப்பின் முகத்தில் துருப்பொருக்கை அப்படியே விடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

பவுடர் கோட்டிங் கொடுக்கப்போகிறேன். என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

கிரில் கேட்டுக்கும் ஃபேன் இறக்கைக்கும் பவுடர் அடிக்கும் பட்டறைகளில் ஏழு தொட்டி முறை என்பார்கள். கிரீஸ் எடுப்பது, அலசுவது, துரு எடுப்பது, அலசுவது, பாஸ்பேட், அலசுவது, கடைசியில் அந்தப் படலத்தை நிலைப்படுத்தும் பாசிவேஷன். மூன்றாவது தொட்டியில் இருப்பது ஆசிட். என் பத்மினிக் கதையை நினைவில் வைத்து, துருவை நீங்களே எடுத்து, மணல் அடித்துக் கொண்டுபோய், அந்தத் தொட்டியில் முக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

பவுடர் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிப் படிவது. சாதாரணப் பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. அது மின்சாரம் கடத்தாததால் அதன் மேல் பவுடர் ஒழுங்காக ஒட்டவும் செய்யாது. ஆகவே குழிகள் குழிகளாகவே தெரியும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். இணைப்பில் ஒளிந்திருக்கும் கிரீஸும் அலாயின் நுண்துளைகளில் இருக்கும் காற்றும் அடுப்பில் வெளியே வந்து கொப்புளம் போடும். பவுடர் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை வெறுமனே சூடேற்றி, கசிவதைத் துடைத்துவிடச் சொன்னால் இது பெரும்பாலும் தவிரும். ரப்பர் வால்வைக் கழற்ற மறக்காதீர்கள். ஒருவர் மறந்தார். அந்த அடுப்பின் நாற்றம் போக ஒரு வாரமானது.

உரித்த பின் எவ்வளவு நேரத்துக்குள் பிரைமர் போட வேண்டும்? எந்தப் பிரைமர்?

அன்றே. மணல் அடித்த இரும்பு என்றால் நான்கு மணி நேரத்துக்குள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காலையில் வெள்ளியாக இருந்த சக்கரம் மாலையில் மஞ்சள் படர்ந்து நிற்கும். வெறும் கையால் தொட்ட இடத்தில் மறுநாள் கைரேகை துருவாக எழுந்திருக்கும். உறை போட்டே தூக்குங்கள்.

கடைசி அலசலுக்கு ஆழ்குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். பல ஊர்களில் அது உப்பு. அந்த உப்பு பெயின்டுக்கு அடியில் தங்கினால், ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக எழும்பும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு குடம் போதும், நான்கு சக்கரத்துக்கும். அலசியபின் ஊதி, வெயிலில் வைத்து, இணைப்புப் பகுதியைச் சூடான காற்றால் தனியாக உலர்த்துங்கள்.

காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அன்று பிரைமர் வேண்டாம். சக்கரத்தின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது அதிகம் இருக்க வேண்டும். எளிதாகச் சொன்னால் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மாசியும் பங்குனியும் உத்தமம்.

பிரைமரில், இரும்புக்கு இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் எபாக்சி, அதிலும் ஜிங்க் பாஸ்பேட் உள்ளது, என் தேர்வு. முதலில் சிறிய தூரிகையால் இணைப்புப் பிளவுக்குள் போகும்படி கொஞ்சம் நீர்த்த எபாக்சியைத் தடவிவிட்டு, பிறகு ஸ்பிரே செய்கிறேன். ரெட் ஆக்சைடு மலிவு. ஆனால் அது தண்ணீரைத் தடுக்கும் சுவர் அல்ல. ரெட் ஆக்சைடோடு ஒரு மாதம் மூலையில் கிடந்த சக்கரத்தை மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அலாய்க்கு முதலில் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர், மெல்லியதாக. எட்ச்சின் மேல் எபாக்சியையோ பட்டியையோ நேரடியாகப் போடலாமா என்பதை அந்த டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், பெரும்பாலானவற்றில் கூடாது.

நிறத்துக்கு முன் 400 வாட்டர் பேப்பர், கடைசியாக 600. ஹார்டனர் கலந்த பெயின்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கும். கைக்குட்டை அதைத் தடுக்காது.

தொழிற்சாலையில் அடித்த அசல் நிறம் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உரிப்பதற்கு முன் ஸ்டெப்னியை, அதாவது உபரிச் சக்கரத்தைப் பாருங்கள். அதிகம் ஓடாத, வெயில் படாத சக்கரம் அதுதான். அதன் உள்பக்கத்திலும், வீல் கப் மூடியிருந்த இடத்திலும் அசல் நிறம் தப்பிப் பிழைத்திருக்கும். 400 வாட்டர் பேப்பரால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெதுவாகத் தேய்த்தால் அடுக்கடுக்காக வளையங்கள் தெரியும். பிரைமருக்கு மேலே உள்ள முதல் வளையம்தான் நீங்கள் தேடுவது. அதைப் பகல் வெளிச்சத்தில் நிற அட்டையோடு ஒப்பிடுங்கள்.

ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸ் நாட்டின் லானெலி என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அவர்கள் ஊரில் அந்தச் சொல் மறைந்துவிட்டது. நம் பஞ்சர் கடைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இவ்வளவு செய்துவிட்டு டியூப்லெஸ் டயர் போடலாமா?

டியூப்லெஸ் டயர் நழுவாமலிருக்க ரிம்மின் உள்பக்கத்தில் ஒரு சிறு மேடு ஓடும். அம்பாசிடர், பத்மினி காலத்துப் பல ரிம்களில் அது இல்லை. இல்லாவிட்டால் டியூபோடுதான் ஓட்ட வேண்டும். மேடு இருந்தாலும், டயர் உட்காரும் விளிம்பில் ஆழமான குழிகள் இருந்தால் காற்று கசியும். டியூப் போடுகிறவர்கள் ரிம்மின் உள்வட்டத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பிரைமர் சொட்டு காய்ந்து கூராக நின்றால் தேய்த்துவிடுங்கள், டியூபை அது மெல்ல மெல்ல அறுக்கும்.

எப்போது மாட்டலாம்?

தொட்டால் ஒட்டாத நிலை வேறு, காய்ந்த நிலை வேறு. ஒரு வாரம் விடுங்கள். பஞ்சர் கடையில் லெவருக்கு அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் காயம் அங்கேயே விழும். பாலன்சிங் புதிதாகச் செய்ய வேண்டும். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரம் ஆறிய நிலையில் மறுபடி ஒருமுறை. என் அம்பாசிடரில் அப்படிப் பார்த்தபோது இருபதில் மூன்று நட் கால் சுற்று உள்ளே போனது.